ஸ்வானேஜ் – போர்ண்மத் கடலோர நடை: பஸ்ஸில் போய் நடந்து திரும்புங்கள்

தம்பி, லண்டனிலிருந்து கார் இல்லாமல் ஒருநாளில் போய்வர, பத்து வயதுப் பிள்ளையும் நடக்கக்கூடிய கடலோரப் பாதை கேட்டிருந்தீர்கள். தென் இங்கிலாந்துக் கடலோரமான டோர்செட்டுக்குப் போங்கள். வாட்டர்லூவிலிருந்து போர்ண்மத்துக்கு ரயிலில் இரண்டு மணித்தியாலம் அளவில் பிடிக்கும்.

பலர் போர்ண்மத்தில் நடக்கத் தொடங்கி, பின்னேரம் ஸ்வானேஜில் பஸ்ஸுக்குக் காவல் நிற்பார்கள். நீங்கள் காலமையே 50ஆம் இலக்க பஸ்ஸில் ஸ்வானேஜ் போய் இறங்குங்கள். ஏற்றம் முதலிலேயே முடியும், தென்மேல் காற்றும் முதுகுப் பக்கம் அடிக்கும். அந்த பஸ் சாண்ட்பேங்க்ஸில் துறைமுக வாயைச் சங்கிலிப் படகில் (கரைக்குக் கரை கிடக்கும் சங்கிலியைப் பிடித்து ஓடும், வாகனம் ஏற்றும் படகு) ஏறித்தான் கடக்கும். 2019இல் படகு பழுதாகி மாதக்கணக்கில் ஓடவில்லை. ஆகவே வெளிக்கிட முன் பாருங்கள். படகு இல்லாவிட்டால் அன்றைக்கு வேறிடம் போவது நல்லது.

ஸ்வானேஜிலிருந்து பல்லார்ட் டவுன் என்ற குன்றில் ஏறினால், கடலில் தூணாய் நிற்கும் ஓல்ட் ஹாரி வெண்பாறைகள். விளிம்பில் வேலி கிடையாது. புல் உறுதியாகத் தெரியும், ஆனால் அடியில் சுண்ணாம்புப் பாறையைக் கடல் அரித்திருக்கும். பக்கத்துத் தூணான 'ஓல்ட் ஹாரியின் மனைவி' 1896இல் இடிந்து விழுந்ததும் இப்படி அரிபட்டுத்தான். பிள்ளையின் கையை விடாதீர்கள், படத்துக்காகவும் விளிம்புக்குப் போகவேண்டாம். மழை பெய்திருந்தால் அந்த வெள்ளைப் பாதை சவர்க்காரம் பூசினதுபோல வழுக்கும். அடி தேயாத சப்பாத்து வேண்டும்.

அடுத்து வரும் ஸ்டட்லண்ட் கிராமத்தில் சாப்பிட்டு, கழிவறைக்கும் போய்விடுங்கள். நோல் கடற்கரைக்கு அப்பால் ஒரு துண்டு நிர்வாணக் குளியலுக்கு ஒதுக்கியது. பலகை போட்டிருக்கும். குடும்பத்தோடு போனால் மணல்மேட்டுக்குப் பின்னால் ஹீத் புதர்நிலத்து வழியைப் பிடியுங்கள். ஓகஸ்டில் அது ஊதாவாய்ப் பூத்துக் கிடக்கும். ஆனால் உண்ணி இருக்கும். நீளக் காற்சட்டை போட்டு, அடியைக் காலுறைக்குள் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் பாருங்கள். கடித்திருந்தால் மெல்லிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேரே இழுக்கவேண்டும், முறுக்கவோ நசுக்கவோ கூடாது. பிறகு அந்த இடத்தில் சிவப்பு வட்டம் படர்ந்தால் டொக்டரிடம் காட்டுங்கள், லைம் நோயாக இருக்கலாம்.

ஸ்வானேஜிலிருந்து படகுத்துறை வரை ஏறக்குறைய 12 கிலோமீற்றர். பிள்ளை களைத்தால் அங்கேயே பஸ் ஏறலாம். இல்லையென்றால் அக்கரையிலிருந்து போர்ண்மத் பியர் வரை ஆறேழு கிலோமீற்றர், பெரும்பாலும் சமதரையான உலாவுசாலை.

சனி, ஞாயிறில் போவதென்றால் குடும்ப ரயில்கார்ட் (Family & Friends Railcard என்ற தள்ளுபடி அட்டை) எடுங்கள்: பெரியவர்களுக்கு மூன்றிலொரு பங்கும், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 60 வீதமும் குறையும்.