சாப்பாட்டு மேஜையில் ஓவியம் – கடிதம்

வணக்கம்.

பள்ளி நாட்களில் நிறைய வரைவேன். நடுவில் பல வருடங்கள் விட்டுப்போய், இப்போது மறுபடி நீர்வண்ணமும் கொஞ்சம் அக்ரிலிக்கும் செய்கிறேன். வீட்டில் தனி அறை கிடையாது. சாப்பாட்டு மேஜையில்தான் வரைகிறேன். சாப்பிடும் நேரம் வந்தால் எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும், அப்புறம் திரும்ப எடுத்துப் பரப்ப வேண்டும். ஒழுங்காக இருக்கட்டும் என்று பெட்டிகள் வாங்கி, பென்சில், பிரஷ், டியூப் என்று பிரித்து, பெயர் எழுதி ஒட்டினேன். அதற்குப் பிறகு வரைவது குறைந்துதான் போனது. பாத்திரம், துணி, பெருக்குவது எல்லாம் முடித்துவிட்டு நிம்மதியாக உட்காரலாம் என்று பார்த்தால் வெளிச்சம் போய்விடுகிறது. வேலை கிடக்கும்போது வரைய உட்கார்ந்தால் மனதில் ஒரு குற்ற உணர்ச்சி. வீட்டில் யாரும் எதுவும் சொல்வதில்லை, எனக்கே தோன்றுகிறது. நேரத்தையும் இடத்தையும் எப்படிப் பிரித்துக்கொள்வது? இன்னொன்று: பழைய டியூப்கள் பல கெட்டியாகிவிட்டன. எறிந்துவிடலாமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள தோழிக்கு,

பெட்டிகளிலிருந்தே தொடங்குகிறேன். பொருட்களை வகைவாரியாகப் பிரித்து அடுக்கியிருக்கிறீர்கள். கடையில் அப்படித்தான் அடுக்குவார்கள். அங்கே வருகிறவருக்கு ஏதோ ஒரு பொருள் வேண்டும், அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். வரைகிறவருக்கோ எல்லாவற்றிலும் கொஞ்சம் ஒரே நேரத்தில் வேண்டும். உங்கள் ஏற்பாட்டில் ஒரு சின்னப் படம் வரையக்கூட ஐந்து பெட்டிகளைத் திறக்க வேண்டும், பிறகு ஐந்தையும் மூட வேண்டும். வரைவது குறைந்ததற்குக் காரணம் உங்கள் சோம்பலோ ஆர்வக் குறைவோ இல்லை.

வகையை விட்டுவிட்டு வேலையை வைத்துப் பிரியுங்கள். இப்போது நீர்வண்ணத்தில் ஒரு படம் போய்க்கொண்டிருக்கிறது என்றால், அதற்கு வேண்டியது மட்டும் ஒரு தட்டில் இருக்கட்டும்: மூன்று நான்கு பிரஷ், வண்ணத் தட்டு, ஒரு பென்சில், அழிப்பான், மாஸ்கிங் டேப், ஒரு பழைய துணி, தண்ணீருக்கு இரண்டு குவளை. அக்ரிலிக்குக்கு இதேபோல இன்னொரு தட்டு. மிச்சமெல்லாம் இருப்பு. அது பெட்டியிலேயே இருக்கலாம், பரணில்கூட இருக்கலாம். அன்றாடம் கைக்கு வர வேண்டியது ஒரு தட்டு, அவ்வளவுதான்.

அடுத்து, ஒரு பலகை. இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். 45க்கு 60 சென்டிமீட்டர் அளவில் ஒரு பிளைவுட் பலகை, ஓரங்களைத் தேய்த்து வழவழப்பாக்கியது. காகிதத்தை அதில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். படம் முடியும்வரை அது பலகையை விட்டு இறங்க வேண்டாம். சாப்பாட்டு நேரம் வந்தால் பலகையை அப்படியே தூக்கி அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் வைக்க வேண்டும், தட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைக்க வேண்டும். மேஜை காலி. திரும்ப வரும்போதும் அதே இரண்டு அசைவுதான்.

அந்த இடம் கிடைமட்டமாக இருப்பது முக்கியம். ஈரமான படத்தைச் சாய்த்து வைத்தால் வண்ணம் ஒரு பக்கமாக வழிந்து சேரும். அலமாரியில் பத்து சென்டிமீட்டர் உயர இடைவெளி உள்ள ஓர் அடுக்கு போதும். குளியலறைச் சுவரை ஒட்டியும் தரையிலும் வேண்டாம். காகிதத்தின் மேல் தண்ணீர் சட்டென்று ஊறாமல் இருக்க, சைஸிங் என்று ஒரு பசைப் பூச்சு கொடுத்திருப்பார்கள். ஈரக் காற்றில் நாள்பட்டுக் கிடந்தால் அது வலுவிழந்துவிடும். பிறகு வண்ணம் வைத்தால் திட்டுத் திட்டாக உறிஞ்சும். நம் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வோம். காகிதமும் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையில் இருந்தால் நனைந்தாலும் அதிகம் நெளியாது.

வீட்டில் உள்ளவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அந்தப் பலகையை யாரும் நகர்த்தக் கூடாது, அதன் மேல் எதையும் வைக்கக் கூடாது, தூசி தட்டுகிறேன் என்றுகூட. பாதியில் நிற்கும் படம் குப்பையும் இல்லை, ஒதுக்கி வைக்க வேண்டிய சாமானும் இல்லை. இது எல்லோருக்கும் இயல்பாகத் தெரிந்துவிடாது, வாய் விட்டுச் சொல்ல வேண்டும். இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ மொராண்டி போலோன்யா நகரில் தன் மூன்று சகோதரிகளுடன் வாழ்ந்தார். அவர் படுத்துறங்கிய அறையே அவருடைய ஓவியக்கூடம். மேஜையில் வரிசையாக நின்ற பாட்டில்களையும் குவளைகளையும் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப வரைந்தார், அவற்றின் மேல் படிந்த தூசியையும் படிய விட்டிருந்தார். தனி அறை கிடைப்பது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் தொடப்படாமல் இருக்கும் ஒரு சின்ன இடம் அதைவிட அவசியம் என்று நினைக்கிறேன்.

சரி, நேரத்துக்கு வருவோம். வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்காரலாம் என்கிறீர்கள். வீட்டு வேலை முடிகிற வேலை இல்லையே. கழுவி வைத்த பாத்திரம் அடுத்த வேளைக்கு மறுபடி விழும், துவைத்த துணி நாளைக்குத் திரும்ப அழுக்காகும். அது முடிந்த பிறகுதான் என்று வைத்தால் உங்கள் முறை வரவே வராது. எது முக்கியம் என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றைக் கேட்டுப் பாருங்கள்: இவற்றில் எந்த வேலைக்குப் பகல் வெளிச்சம் தேவை? துணி மடிப்பதற்குத் தேவையில்லை. பாத்திரம் கழுவுவதற்குத் தேவையில்லை. நாளைக்கு வேண்டியதை எடுத்து வைப்பதற்கும் தேவையில்லை. இவையெல்லாம் இரவு எட்டு மணிக்கு விளக்கடியில் ஒரு குறையுமில்லாமல் நடக்கும். நிறத்தைப் பார்த்து நிறம் கலக்கும் வேலைக்குத்தான் பகல் வேண்டும். அப்படியிருக்க, நல்ல வெளிச்சம் உள்ள ஒரு மணி நேரத்தை ஓவியத்துக்குக் கொடுப்பதில் குற்ற உணர்ச்சிக்கு என்ன இடம்?

மேஜையை ஜன்னல் ஓரமாக நகர்த்த முடிந்தால் நல்லது. வலது கைக்காரர் என்றால் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரட்டும், கையின் நிழல் கோட்டின் மேல் விழாது. நேர் வெயில் மட்டும் காகிதத்தில் படக் கூடாது. கண் கூசும், வண்ணம் பரவுவதற்குள் காய்ந்துவிடும். இரவில்தான் முடிகிறது என்ற நாட்களுக்கு ஒரு நல்ல எல்இடி விளக்கு உதவும். ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண் 5000 அளவில், நிறங்களை உள்ளபடி காட்டும் சிஆர்ஐ எண் 90க்கு மேல் இருக்கும்படி பார்த்து வாங்குங்கள். வீட்டில் பொதுவாகப் போடும் மஞ்சள் விளக்கு 2700 அல்லது 3000 கெல்வின். அதன் கீழ் கலந்த நீலம் காலையில் வேறொன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. நீர்வண்ணத்தில் ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அதன் மேல் அடுத்தது வைக்க முடியும், இல்லையென்றால் கலங்கிவிடும். அந்தக் காத்திருப்பு பத்து நிமிடமோ அரை மணியோ, காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. பொறுமையில்லாமல் ஈரத்தில் பிரஷ்ஷை வைத்துக் கெடுப்பதுதான் பலரும் செய்வது. அந்த இடைவெளியில் எழுந்து துணியைக் காயப் போடுங்கள், அறையைப் பெருக்குங்கள். (படம் இருக்கும் அறையை அல்ல. தூசி ஈரத்தில் ஒட்டும்.) திரும்பி வரும்போது படத்தைப் புதுக் கண்ணால் பார்ப்பீர்கள், பிழைகளும் சட்டென்று தெரியும். வீட்டு வேலை ஓவியத்துக்கு உதவுகிற நேரம் இது. அக்ரிலிக் எடுக்கும் நாளில் இது நடக்காது. மெல்லிய பூச்சு சில நிமிடங்களில் காய்ந்துவிடும், பிரஷ்ஷிலும் அப்படியே. காய்ந்துவிட்டால் தண்ணீரில் போகாது. எனவே இடையில் எழ வேண்டிய நாளில் அக்ரிலிக் எடுக்காதீர்கள்.

சமையலறையிலேயே வரைந்தவர்களும் உண்டு. அமெரிக்க ஓவியர் ஆல்மா தாமஸ் வாஷிங்டனில் பள்ளியில் ஓவிய ஆசிரியராக முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்து 1960இல் ஓய்வு பெற்றார். அதன் பிறகு முழு நேரமும் வரைந்தார், தன் வீட்டின் சமையலறையையே ஓவியக்கூடமாக்கிக்கொண்டு. 1972இல், எண்பதாவது வயதில், நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது. கறுப்பினப் பெண் ஒருவருக்கு அங்கே நடந்த முதல் தனிக் கண்காட்சி அது. தாமதமாகத் திரும்பி வந்திருக்கிறோம் என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் தெரிந்ததால் இதைச் சொல்கிறேன்.

ஆனால் சாப்பிடும் இடத்தில் வரைகிறவர் சில விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும். காட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்களால் ஆன நிறமிகள் உடம்புக்குள் போகக் கூடாதவை. சாப்பாட்டுத் தட்டு, குவளை எதையும் வண்ணத்துக்கு எடுக்காதீர்கள். எடுத்தால் அது திரும்ப அடுக்குக்குப் போகக் கூடாது. பிரஷ்ஷை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். அக்ரிலிக் பிரஷ்ஷை சிங்க்கில் நேரே காட்டாமல் முதலில் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டுக் கழுவுங்கள், காய்ந்தால் பிளாஸ்டிக்காகும் அந்த வண்ணம் குழாயில் போய்ப் படியாது. பிரஷ்ஷைக் குவளைத் தண்ணீரில் தலைகீழாக நிற்க விடவும் வேண்டாம். முடி வளையும், தகரப் பூணுக்குள் இருக்கும் பசை இளகும். கழுவியதும் படுக்க வைத்துக் காய விடுங்கள்.

என்றாவது எண்ணெய் வண்ணத்துக்குப் போனால் ஒன்றை மறக்காதீர்கள். ஆளி விதை எண்ணெய் பட்ட துணியைக் கசக்கிக் குப்பையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் காய்கிறது, அப்போது வெப்பம் உண்டாகும். சுருண்ட துணிக்குள் வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்ற வாய்ப்பு உண்டு. வெளியில் ஒற்றையாக விரித்துக் காய விடுங்கள், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீரில் ஊற வையுங்கள். எண்ணெய் வண்ணத்தை இளக்கப் பயன்படும், எளிதில் தீப்பற்றும் டர்பன்டைனை அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

குற்ற உணர்ச்சி பற்றி இன்னும் ஒரு வார்த்தை. வீட்டில் யாரும் எதுவும் சொல்வதில்லை என்கிறீர்கள். நல்லது. ஆனால் நீங்கள் வரையும் அந்த ஒரு மணி நேரத்தில் பாத்திரத்தை யாராவது கழுவுகிறார்களா? ஆட்சேபிக்காமல் இருப்பது வேறு, வேலையை எடுத்துக்கொள்வது வேறு. அந்த வீட்டில் சாப்பிடுகிற எல்லோருக்கும் உரிய வேலை அது. ஒரு நாளைக்கு ஒரு வேளைப் பாத்திரம், ஒரு வாரத்துத் துணி மடிப்பு என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அவர்கள் உங்கள் அளவுக்குச் சுத்தமாகச் செய்ய மாட்டார்கள். அதைத் திரும்பச் செய்யாதீர்கள், அது கஷ்டம்தான்.

டியூப்கள்: நீர்வண்ணம் என்றால் எறிய வேண்டாம். அதில் நிறமியைப் பிடித்து வைத்திருப்பது கருவேலப் பிசின் வகை, தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். டியூபைக் கத்தரியால் வெட்டித் திறந்து, உள்ளே இருக்கும் கட்டியைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, மேலே சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் ஈரப் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். பூஞ்சை பிடித்திருந்தால் மட்டும் எறியுங்கள். அக்ரிலிக் கெட்டியானால் தண்ணீரில் கரையாது, அதைக் குப்பையில் போட்டுவிடலாம்.

அன்புடன்.