கருவாட்டுத் தொழிலுக்கு 10 இலட்சம்: கொடுக்கலாமா, எப்படிக் கொடுப்பது?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்கொடையும் சேமிப்புமாக 22 இலட்சம் ரூபா ஒரே வங்கியில் நிலையான வைப்பில் இருக்கிறது. ஓய்வூதியம் மாதாமாதம் வருகிறது. குச்சவெளிப் பக்கம் 12 பெண்கள் சேர்ந்து கருவாடு போட்டு, பொதி செய்து விற்கிறார்கள். நடத்துபவர் என் பழைய மாணவி. சூரிய உலர்த்தி வாங்கவும் மீன் கொள்முதலுக்கும் 10 இலட்சம் கேட்கிறார். ஆண்டுக்கு 18 வீதம் தருவாராம். இதற்குத் தாக்க முதலீடு என்று பெயராம், பணமும் வளரும், சனத்துக்கும் உதவி என்கிறார். கனடாவில் இருக்கும் தம்பியும் 5,000 டொலர் தர ஆசைப்படுகிறான். டொலரிலேயே திருப்பித் தந்தால் போதும் என்கிறான். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம் ரீச்சர். ஆனால் 10 இலட்சம் வேண்டாம், 18 வீதமும் வேண்டாம்.

முதலில் அந்த 18 வீதத்தைப் பார்ப்போம். 10 இலட்சத்துக்கு ஆண்டுக்கு 180,000 ரூபா வட்டி, அதாவது மாதம் 15,000. அதை 12 பெண்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு மாதம் 1,250 ரூபா. கருவாடு விற்ற காசிலிருந்துதான் உங்கள் வட்டியும் வரவேண்டும், அவர்களின் கூலியும் வரவேண்டும். இரண்டும் ஒரே பானைச் சோறு. உங்கள் தட்டில் கூட விழுந்தால் அவர்கள் தட்டில் குறையும். உதவி என்று நினைத்துக் கொடுக்கும் பணத்துக்கு அதிக வட்டி வாங்கினால், அந்த உதவிக்கான விலையை அந்தப் பெண்களே கட்டுகிறார்கள்.

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை. ஏழைப் பெண்களுக்குக் கடன் கொடுத்து இலாபமும் பார்க்கலாம் என்ற நம்பிக்கையில் இந்தியாவில் எஸ்.கே.எஸ். என்ற நுண்நிதி நிறுவனம் 2010 ஓகஸ்டில் பங்குச் சந்தைக்கு வந்தது. முதலீட்டாளர்கள் விழுந்தடித்து வாங்கினார்கள். அந்த ஒக்டோபரிலேயே, கடன்காரர்களின் தற்கொலைகளைத் தொடர்ந்து, ஆந்திர அரசு நுண்கடன் வசூலுக்குக் கடிவாளம் போட வேண்டி வந்தது. நம் நாட்டில் 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்ய முன்வந்தது. கிழமைத் தவணை கட்ட இன்னொரு இடத்தில் கடன் எடுத்த குடும்பங்களை உங்கள் ஊரிலேயே நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே பணம் கொடுத்த பலரும் நல்லது செய்வதாகத்தான் நம்பினார்கள்.

ஆகவே வட்டியை, உங்கள் வைப்புக்கு வங்கி தருகிற அளவிலேயே கேளுங்கள். அதாவது உங்கள் பணத்துக்கு வரும் ஆபத்தை நீங்கள் இலவசமாகச் சுமக்கிறீர்கள். உங்கள் உதவி என்பது அதுதான்.

அடுத்தது, உங்கள் பணம் அங்கே போய் என்னவாக மாறும்? பங்கா, கடனா, நன்கொடையா? மாணவியிடம் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். நம் நாட்டில் சமூக நோக்குள்ள அமைப்புகள் பல, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதியப்படுகின்றன. அதாவது உறுப்பினர்கள் பங்கு வாங்குவதில்லை, கம்பனியை மூட நேர்ந்தால் ஒரு தொகை தருவதாக உறுதி மட்டும் கொடுப்பார்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி அப்படிப்பட்ட கம்பனி பங்கு வெளியிட முடியாது. அப்படியானால் நீங்கள் அங்கே பங்குதாரராக முடியாது, கடன் கொடுத்தவர் அல்லது நன்கொடை கொடுத்தவர்தான். சாதாரண தனியார் கம்பனி என்றால் பங்கு வாங்கலாம். ஆனால் அந்தப் பங்கைப் பிறகு யாருக்கு விற்பீர்கள்? வாங்க ஆள் இராது. உங்களுக்குப் பொருத்தமானது எழுத்து மூலமான கடன் உடன்படிக்கைதான்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களிடம் மட்டும் கேட்கிறாரா, ஊர் முழுக்க வட்டி சொல்லிப் பணம் சேர்க்கிறாரா? பொதுமக்களிடம் வைப்பாகப் பணம் திரட்ட மத்திய வங்கியின் அனுமதி வேண்டும். 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உங்கள் மாணவிக்கு இது தெரியாமலே இருக்கலாம். தெரியாமல் செய்தாலும் சிக்கல் சிக்கல்தான், முதலில் அவரை எச்சரியுங்கள்.

சரி, எவ்வளவு? என் கணிப்பில் 2 இலட்சம். முழுவதும் போனாலும் உங்கள் மருந்துச் செலவும் வீட்டுச் செலவும் அசையாத தொகை அது. மிச்சம் 20 இலட்சத்தை இரண்டு வங்கிகளில் பாதி பாதியாக வையுங்கள். வங்கி முறிந்தால் உங்கள் பணத்தைத் திருப்பித் தரும் வைப்புக் காப்புறுதி, ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் வரைதான், இப்போது உங்கள் பணத்தில் பாதி அந்தப் பாதுகாப்புக்கு வெளியே கிடக்கிறது. குச்சவெளிக்குக் கொடுக்கும் காசுக்கு எந்தக் காப்புறுதியும் கிடையாது.

இப்போது திருப்பிக் கட்டும் முறை. இதில்தான் நீங்கள் அந்தப் பெண்களுக்கு மிகப் பெரிய உதவி செய்யலாம். நம் பக்கக் கடலில் மீன் கூடப் படுவது பங்குனி, சித்திரை தொடங்கிப் புரட்டாசி வரை. மீன் மலிவாகக் கிடைக்கும்போது வாங்கி, உப்புப் போட்டு, காயவைத்து இருப்பு வைக்க வேண்டும். மாரியில் கடல் கொந்தளித்து, வள்ளம் இறங்காமல் பச்சை மீன் விலை ஏறும்போது கருவாட்டுக்கும் நல்ல விலை வரும். மாதத் தவணை கேட்டால் என்ன ஆகும்? ஆடியில் தவணை கட்டுவதற்காக, மார்கழியில் நல்ல விலை போகவேண்டிய கருவாட்டை அரை விலைக்கு, மொத்தமாக வாங்கி விற்கும் முதலாளியிடம் தள்ளிவிடுவார்கள். இடையில் இருக்கும் இலாபம் முழுவதும் முதலாளிக்குப் போய்விடும். ஆகவே சித்திரையில் கொடுத்து, தை முடிவிலோ மாசியிலோ முதலும் வட்டியும் ஒரே தடவையில் வாங்குங்கள். அந்தப் பணம் அடுத்த பருவத்துக்குத் திரும்பவும் போகட்டும்.

உலர்த்தி வேறு கணக்கு. அது பல ஆண்டு உழைக்கும் பொருள், அதை ஒரு பருவக் கடனில் வாங்கக் கூடாது. அதற்குத் தம்பியின் பணம் பொருந்தும். மூன்று, நான்கு ஆண்டு பொறுத்து வாங்கக் கூடியவர் அவர். ஆனால் ரூபாவில் திருப்பி வாங்கச் சொல்லுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ரூபாவில் விற்றுச் சம்பாதிப்பவர் டொலரில் கடன்பட்டிருந்தால், ஒரு மீன்கூட அதிகமாக வாங்காமலே கடன் ஒன்றேமுக்கால் மடங்காகியிருக்கும். தம்பிக்குச் சம்பளம் டொலரில் வருகிறது, அந்த அடியைத் தாங்க அவரால் முடியும். 12 பெண்களால் முடியாது.

உங்கள் பணம் சிறியது என்று நினைக்க வேண்டாம். தாக்க முதலீடு என்ற சொல் 2007இல் ரொக்பெல்லர் அறக்கட்டளை இத்தாலியில் கூட்டிய சந்திப்பில் பிறந்தது. இன்று உலகில் இந்தப் பெயரில் ஏறத்தாழ 1.57 டிரில்லியன் டொலர் இருப்பதாக இத்துறையின் வலையமைப்பான ஜி.ஐ.ஐ.என். 2024இல் கணித்தது. அதில் ஒரு துளி குச்சவெளிக்கு வருவதும் கடினம். 2 இலட்சம் ரூபாக் கடனை ஆராய்வதற்கான செலவே அந்த நிதிகளுக்குக் கடனைவிடப் பெரிது. ஆளைத் தெரிந்த, பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக் கூடிய நீங்கள் அந்த இடைவெளியை நிரப்பலாம்.

போய்ப் பார்க்கும்போது கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். யார் வாங்குகிறார்கள், காசு எத்தனை நாளில் வருகிறது என்று கேளுங்கள். அப்புறம், மாணவி பக்கத்தில் இல்லாத நேரத்தில் இரண்டு, மூன்று பெண்களுடன் இருந்து கதையுங்கள். போன மார்கழியில் கையில் எவ்வளவு கிடைத்தது, விற்பனை கூடினால் தங்கள் பங்கும் கூடுகிறதா என்று கேளுங்கள். மதுரையில் 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், பணம் கட்டுபவர்களின் வருமானம்தான் இலவச சிகிச்சையைத் தாங்குகிறது. தொழில் வளர்ந்தால் நன்மையும் தானாக வளரும்படி அதைக் கட்டினார்கள். குச்சவெளியில் விற்பனை இரட்டித்தும் பெண்களின் நாட்கூலி அப்படியே நிற்குமானால், அது ஒரு சாதாரண வியாபாரம். அதற்குச் சலுகை வட்டியில் நீங்கள் கொடுக்கத் தேவையில்லை.

உடன்படிக்கையில் இரண்டு விடயங்கள் கட்டாயம் இருக்கட்டும். புயலோ வெள்ளமோ வந்து இருப்பு அழிந்தால் ஒரு பருவம் தவணை தள்ளிப்போகும், தண்டவட்டி கிடையாது. பெண்களின் நகையோ ஒருவருக்கொருவர் பிணையோ வாங்கப்பட மாட்டாது. பதிவுச் சான்றிதழின் பிரதியும் கடைசி இரண்டு பருவத்துக் கணக்கும் கையில் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், வரைவைச் சேர்ந்து பார்ப்போம்.