கார்டு பாக்கிக்காக "கேஸ் போடுவோம்" என்று மிரட்டினால்

கேள்வி: தண்டையார்பேட்டையில் மாமியார் பெயரில் உள்ள வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு வேலை போன சமயத்தில் என் கிரெடிட் கார்டில்தான் குடும்பம் ஓடியது. 62,000 ரூபாய் பாக்கி இப்போது 1,40,000 என்கிறார்கள். கடைசியாகக் கட்டி இரண்டே முக்கால் வருடம் ஆகிறது. வசூல் ஆள் தினமும், சில நாள் ராத்திரி ஒன்பது மணிக்குக்கூட, போன் செய்து கேஸ் போட்டு வீட்டை ஜப்தி செய்வோம், போலீஸ் வரும் என்கிறார். கீழ்வீட்டு அம்மாவிடமும் சொல்லிவிட்டார். 2,000 ரூபாயாவது போட்டால் கேஸை நிறுத்துவாராம். போடலாமா?

பதில்: சகோதரி, போடாதீர்கள். கார்டு பாக்கிக்கு வழக்குத் தொடர பொதுவாக 3 வருடம்தான் அவகாசம், உங்கள் கணக்கில் அது முடிய இன்னும் சில மாதம்தான் இருக்கிறது, இந்த அவசரத்துக்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். இப்போது கொஞ்சம் பணம் போட்டு, அதற்கு உங்கள் கையெழுத்தும் இருந்துவிட்டால், 1963-ஆம் வருட லிமிட்டேஷன் சட்டப்படி அந்த 3 வருடம் புதிதாக ஆரம்பிக்கும். "பாக்கி இருக்கிறது, தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்தாலும் அப்படித்தான். அவகாசம் முடியப் போவதால் நிஜமாகவே வழக்கு வரவும் கூடும், அதற்கும் தயாராக இருங்கள்.

நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் நோட்டீஸைப் பார்த்தேன். மேலே தராசுப் படம், சிவப்பு எழுத்தில் இறுதி எச்சரிக்கை, கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. வழக்கு எண் இல்லை, கோர்ட் முத்திரை இல்லை, ஆஜராக வேண்டிய தேதி இல்லை. இது சம்மனே கிடையாது. தம்பு செட்டி தெருவில் என் வக்கீல் ஆபீஸுக்கு வருகிறவர்களில் பலர் இந்த மாதிரி காகிதத்துக்குப் பயந்து தாலிச் செயினை அடகு வைத்துவிட்டு வருகிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது.

போலீஸ் வராது. கார்டு பாக்கி சிவில் விவகாரம். ஆனால் ஏஜென்ட் கேட்டார் என்று செக் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அது பவுன்ஸ் ஆனால் கிரிமினல் வழக்காகிவிடும். மாமியார் வீட்டை உங்கள் கடனுக்காகத் தொட முடியாது. வங்கி வழக்கில் ஜெயித்தால் உங்கள் சம்பளத்தில் பிடிக்கலாம், அதிலும் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் விட்டுவிட்டுத்தான்.

காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது, அக்கம்பக்கத்தில் சொல்லி மானத்தை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கால் ஹிஸ்டரியை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், மிரட்டலைப் பதிவு செய்யுங்கள், கீழ்வீட்டு அம்மாவிடம் அந்த ஆள் வந்த தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் வைத்து வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு ஈமெயிலில் புகார் அனுப்புங்கள். அதில் ஏஜென்ட் நடந்துகொண்ட விதத்தை மட்டும் எழுதுங்கள், பாக்கித் தொகையைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிப்பவர்) போகலாம், செலவு கிடையாது.

வாங்கிய கடன் கடன்தான், முடிந்தபோது முடித்துவிடுவது நல்லது, கட்டாத பாக்கி சிபிலிலும் (கடன் பதிவேடு) நிற்கும். ஆனால் செட்டில்மென்ட் (தொகையைப் பேசிக் கணக்கை முடிப்பது) என்றால் மொத்தத் தொகையைக் குறிப்பிட்டு வங்கியின் லெட்டர் கைக்கு வரட்டும், அப்புறம் கார்டு கணக்கிலேயே கட்டுங்கள். ஏஜென்டின் ஜிபே நம்பருக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

நிஜமான சம்மன் வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். போகாமல் விட்டால் உங்களைக் கேட்காமலேயே ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும், பதில் மனு போட 30 நாள்தான். கையில் பணம் இல்லையென்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.