பழைய சிபி ரேடியோவில் (பொதுமக்கள் பேசிக்கொள்ளும் 27 மெகாஹெர்ட்ஸ் செட்) ‘அலைன்மென்ட்’ என்றால் என்ன? எப்போது செய்ய வேண்டும்?

ரேடியோவுக்குள் இருக்கும் ஒவ்வொரு காயிலும் (கம்பிச்சுருள்) ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் நன்றாக வேலை செய்யும்படி திருகி வைக்கப்பட்டது. வருடக்கணக்கான சூட்டிலும் அதிர்விலும் அந்த அமைப்பு நகர்ந்துவிடும். அதை மீண்டும் சரியான இடத்துக்குக் கொண்டுவருவதுதான் அலைன்மென்ட். ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால் சின்ன விசை போதும். தாளம் தப்பினால் எவ்வளவு தள்ளினாலும் எழும்பாது.

ஆனால் எடுத்தவுடன் காயிலைத் தொடாதீர்கள். 40 வருடப் பழைய செட்டில் முதல் சந்தேகம் காய்ந்துபோன எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர்கள் (உள்ளே திரவம் உள்ள, மின்னூட்டம் சேமிக்கும் பாகங்கள்) மேல்தான் வரவேண்டும். அவற்றை மாற்றி, 13.8 வோல்ட் கொடுத்து, அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.

பிறகு ஆன்டெனா சாக்கெட்டில் சிக்னல் ஜெனரேட்டரை (சோதனைச் சிக்னல் தரும் கருவி) இணைத்து, 19ஆம் சேனலுக்கு 27.185 மெகாஹெர்ட்ஸ் கொடுங்கள். முதலில் 455 கிலோஹெர்ட்ஸ் (வந்த சிக்னலை ரேடியோ உள்ளே மாற்றிக்கொள்ளும் இடைநிலை அலைவரிசை) காயில்கள், பிறகு ஆன்டெனா பக்கத்துக் காயில்கள். ரேடியோவின் சிக்னல் மீட்டர் ஏற ஏற சிக்னலைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். சிக்னல் பலமாக இருந்தால் ஏஜிசி (பெருக்கத்தைத் தானாகக் குறைக்கும் சுற்று) குறுக்கே வந்து உச்சத்தைத் தட்டையாக்கிவிடும். சரியான இடம் தெரியாது.

பிளாஸ்டிக் திருகி மட்டுமே. இரும்புத் திருகி அருகில் வந்தாலே காயிலின் டியூனிங் மாறும், எடுத்ததும் உச்சம் நழுவும். முரட்டுத்தனமாகத் திருகினால் காயிலின் நடுவே உள்ள ஃபெரைட் கோர் ‘டிக்’கென்று உடைந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும். தொடும் முன் பழைய இடத்தைக் குறித்து வையுங்கள்.

டிரான்ஸ்மிட் பக்கத்துக்கு ஜெனரேட்டரைக் கழற்றிவிட்டு 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கி வெப்பமாக்குவது) மாட்டுங்கள்.

வாட் மீட்டர் உச்சம் காட்டும்வரை எல்லாக் காயிலையும் திருகுவது அலைன்மென்ட் என்று பலர் நினைக்கிறார்கள்; அவற்றில் சில 54 மெகாஹெர்ட்ஸ் ஹார்மோனிக்கை (27-இன் இரு மடங்கில் எழும் வேண்டாத சிக்னல்) அடக்குவதற்காக இருப்பவை, கூடுதலாகத் தெரியும் வாட் அந்தக் குப்பையாகவே இருக்கலாம்.