ரசீது போட்ட பெண்

அன்புள்ள ஐயா,

கோவில்பட்டிப் பக்கம் சிறிய முதியோர் இல்லம் ஒன்று நடத்துகிறோம். இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு நன்கொடை பாதியாகிவிட்டது. இந்த வருடம் மூன்று பணியாளர்கள் விலகிவிட்டார்கள். மீதிப் பேருக்குப் போன மாதச் சம்பளம் பாக்கி. இன்னிசைக் கச்சேரி வைத்துப் பணம் திரட்டலாம் என்கிறார் அறங்காவலர் ஒருவர். நீங்கள் ஒரு அறக்கட்டளையில் பொருளாளராக இருந்தவர். என்ன செய்யலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

கச்சேரி வேண்டாம். மண்டபம், மைக் செட், போஸ்டர் என்று முதலில் உங்கள் பணம்தான் போகும். டிக்கெட் விற்க அலையப்போவதும் சம்பளம் வராத அதே பணியாளர்கள்தான்.

பழைய ரசீதுப் புத்தகங்களை எடுங்கள். முன்பு கொடுத்து இப்போது நிறுத்தியவர்களுக்குப் போன் செய்யுங்கள். பணம் கேட்க வேண்டாம், நலம் விசாரியுங்கள். நான் அப்படி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் பேசினேன். ஆறு வருடமாக மாதம் 500 ரூபாய் அனுப்பியவர். "மூணு மாசமா ரசீது வரலை சார். உங்களுக்கு இப்பத் தேவையில்லை போலன்னு நெனச்சேன்" என்றார். ரசீது போடும் பெண் வேலையை விட்டுப் போயிருந்தார். ஏன் போனார்? சம்பளம் பதினேழாம் தேதிதான் வரும். கேட்டால், "சேவைதானேம்மா, பொறுத்துக்கோ" என்போம். நானும் சொல்லியிருக்கிறேன். அவருக்கு ஐந்தாம் தேதி வாடகை கட்ட வேண்டியிருந்தது.

முதியோர் இல்லங்களில் இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். பிறந்தநாள், திதி என்று ஒருவேளைச் சாப்பாட்டுக்குக் கொடுக்க நிறையப் பேர் வருவார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று குடும்பங்கள்கூட வந்து நிற்கும். நடுராத்திரி படுக்கை நனைந்தால் எழுந்து துணி மாற்றிவிடும் ஆயாவின் சம்பளத்துக்கு யாரும் வருவதில்லை. நாம் கேட்பதும் இல்லையே! கூச்சப்படாமல் கேளுங்கள். "சாப்பாட்டுக்கு ஆள் இருக்கிறார்கள், ஆயாவின் பத்து நாள் சம்பளத்தை ஏற்றுக்கொள்கிறீர்களா?" பலர் சரி என்பார்கள். அந்த ஆயாவுக்கு வேலை நியமனக் கடிதம், வார விடுமுறை, சம்பளத் தேதி மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.

வடலூர் தருமச்சாலையில் 1867-இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது. ஊர் மக்கள் கொண்டுவந்து தரும் அரிசியும் காய்கறியும்தான் அதற்குப் பலம். உங்களுக்கும் மாதாமாதம் வரும் சிறு தொகைகளே நிற்கும். அப்புறம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடையாளருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்காது. அதை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கச்சேரிக்கு முன்பணமாக எடுத்துவைத்திருந்தால், அதில் முதலில் சம்பளப் பாக்கியைக் கொடுத்துவிடுங்கள்.