உப்புக்காக வளர்த்த முள்வேலி

கேள்வி: வரலாற்றில் பலருக்கும் தெரியாத, நம்பவே முடியாத ஒரு சம்பவத்தைச் சொல்ல முடியுமா?

என் பதில், 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் இந்தியாவின் குறுக்கே வளர்த்த முள்வேலி. சீனப் பெருஞ்சுவரைத் தெரியாதவர் இல்லை. நம் நாட்டை வகுந்துகொண்டு கிடந்த இந்த வேலியைப் பற்றி எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

காரணம் உப்பு. அப்போது வங்காள மாகாணத்தில் மணங்கு உப்புக்கு (சுமார் 37 கிலோ) 3 ரூபாய்க்கு மேல் வரி. மேற்கே ராஜபுதனத்து சாம்பர் ஏரியிலும் கட்ச் உப்பளங்களிலும் அதே உப்பு மலிவாகக் கிடைத்தது. அப்புறம் என்ன, மூட்டை மூட்டையாகக் கடத்தல். அதைத் தடுக்க ஒரு சுங்க எல்லைக் கோடு போட்டார்கள். இன்றைய பாகிஸ்தானில் சிந்து நதியோரம் தொடங்கி டெல்லி, ஆக்ரா, ஜான்சி பக்கமாக இறங்கி ஒடிசா வரை, 1869 வாக்கில் சுமார் 2,300 மைல். கிட்டத்தட்ட 12,000 பேர் இரவு பகலாகக் காவல்.

முதலில் போட்டது வெறும் காய்ந்த முள்தான். வெட்டிய முள்ளைக் கொண்டுவந்து குவித்தார்கள். மைலுக்கு 250 டன் முள் தேவைப்பட்டது. அதைக் கரையான் அரித்தது, காற்று அள்ளிக்கொண்டு போனது, தீப்பிடித்தால் ஒரே இரவில் சாம்பல். 1867-இல் சுங்க ஆணையராக வந்தவர், வெட்டிப் போடுவதை விட நட்டு வளர்ப்பதே மேல் என்று முடிவு செய்தார். கருவேலம், இலந்தை, களா, சப்பாத்திக்கள்ளி என்று ஒவ்வொரு மண்ணுக்கும் எது பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்து நட வைத்தார். மண் சரியில்லாத இடத்தில் நல்ல மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார்கள். தண்ணீர் ஊற்றக் கிணறு வெட்டினார்கள். வெள்ளம் வரும் இடங்களில் கரை எழுப்பி அதன் மேல் செடி வைத்தார்கள். நன்றாக வளர்ந்த இடங்களில் வேலி 8 முதல் 12 அடி உயரம். சில இடங்களில் அகலமே 14 அடி! இப்படிப் பச்சையாக நின்ற உயிர்வேலி மட்டும் பல நூறு மைல்.

அந்த ஆணையர் யார் தெரியுமா? ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆம், 1885-இல் காங்கிரஸைத் தொடங்கக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான். 1930-இல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் உப்பு வரியை எதிர்த்து நடந்தது அவர் தொடங்கி வைத்த கட்சி. இந்த முரணை இன்னும் என்னால் செரிக்க முடியவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை, திறமையான அதிகாரி. ஒரு கொடிய வரிக்கு அத்தனை அக்கறையும் திறமையும் செலவானதே என்பதுதான் என் ஆதங்கம்.

ஏனென்றால் உப்பு ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே அளவு வேண்டும். சொல்லப்போனால் வெயிலில் நின்று வியர்வை சிந்துபவனுக்குத்தான் அதிகம் வேண்டும். வேலிக்கு மேலாக மூட்டையை வீசிப் பார்த்தார்கள், ஒட்டகக் கூட்டத்தை விட்டு முட்டியும் உடைத்தார்கள். காவலர்களில் லஞ்சம் வாங்கியவர்களும் நிறையப் பேர். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

கடைசியில் வேலியை ஒழித்தது இரக்கம் இல்லை, கணக்கு. 1870 வாக்கில் சாம்பர் ஏரியை ஜெய்ப்பூர், ஜோத்பூர் அரசுகளிடமிருந்து பிரிட்டிஷார் குத்தகைக்கு எடுத்தார்கள். உப்பு விளையும் இடத்திலேயே வரி வாங்க முடிந்தால் காட்டு வழியில் காவல் எதற்கு? 1879-இல் சுங்கக் கோட்டைக் கைவிட்டார்கள். வேலி கவனிப்பாரற்றுப் பட்டுப்போனது. வெட்டிய மரம் விறகானது, கரைகள் பல இடங்களில் பாதைகளாகிவிட்டன.

நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, 1990-களில், லண்டனில் பழைய நூல்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்த ராய் மாக்ஸம் ஒரு பழைய நூலின் அடிக்குறிப்பில் இந்த வேலியைப் பற்றிப் படித்தார். பல முறை இந்தியா வந்து தேடினார். உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் ஒரு மண்கரையும் அதன் மேல் முள்மரங்களுமாக ஒரு துண்டு கிடைத்தது. அதே எட்டாவாவில்தான் ஹியூம் முன்பு கலெக்டராக இருந்தார்.

வேலி போனதால் வரி போய்விடவில்லை. கடத்தல் லாபமில்லாமல் போக வேண்டும் என்று எல்லா மாகாண வரியையும் நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். வங்காளத்தில் கொஞ்சம் குறைத்தார்கள். அதுவரை குறைவாக இருந்த மதராஸ், பம்பாய் வரியை மணங்குக்கு இரண்டரை ரூபாயாக ஏற்றினார்கள். 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் செத்து விழுந்த அதே மதராஸ் மாகாணத்துக்குத்தான் இந்த வரி உயர்வு.