மீமனிதன் யாரைத் தாண்டுகிறான்?

வணக்கம் சார்,

ஜெர்மன் தத்துவவாதி நீட்சே பற்றிய வீடியோக்களை ஒரு வருடமாகப் பார்க்கிறேன். அப்புறம் அவருடைய ஜரதுஷ்டிரன் நூலை ஆங்கிலத்தில் வாங்கிப் பாதிவரை படித்தேன். இப்போது சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் மந்தையாகத் தெரிகிறார்கள். வீட்டுக்கடன், சீரியல், கல்யாணம், இவ்வளவுதான் அவர்கள் வாழ்க்கை. அலுவலகத்தில் என்னைவிடத் திறமை குறைந்தவனுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். இவர்கள்மேல் இரக்கப்படுவதே பலவீனம் என்றுதானே நீட்சே சொல்கிறார்? மீமனிதனாக விரும்புகிறவன் இவர்களை உதறிவிட்டுத்தான் போக வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மீமனிதனைப் பற்றி நான்கு வரி இருக்கிறது, அந்தப் பதவி உயர்வைப் பற்றி (இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறேன்) ஒரு பக்கம் இருக்கிறது. காயம் ஆறவில்லை என்று தெரிகிறது, அதில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் காயத்துக்குப் போடும் கட்டாக நீட்சேயை எடுத்திருக்கிறீர்கள். அடிபட்ட மனம் அடித்தவனைக் கீழானவன் என்று முடிவுகட்டித் தன்னைத் தேற்றிக்கொள்வதை அவரைப் போல இரக்கமில்லாமல் தோலுரித்தவர்கள் குறைவு.

மீமனிதன், அதிமனிதன் என்று நாம் சொல்வது ஜெர்மனில் ‘யூபர்மென்ஷ்’. அந்த ‘யூபர்’ என்ற முன்னொட்டுக்கு ‘மேலே’ என்றும் பொருள் உண்டு, ‘தாண்டி’ என்றும் பொருள் உண்டு. மனிதன் கடக்கப்பட வேண்டியவன் என்று அந்த நூலின் நாயகன் ஜரதுஷ்டிரன் சொல்லும்போது, ‘கடப்பது’ என்பதற்கு நீட்சே போடும் வினைச்சொல்லிலும் அதே ‘யூபர்’தான் வருகிறது. நீங்கள் முதல் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, யாருக்கு மேலே என்று அக்கம்பக்கம் பார்க்கிறீர்கள்.

சரி, நூலின் முன்னுரைக்கே போவோம். சந்தையில் கூட்டம் கூடியிருக்கிறது, ஜரதுஷ்டிரன் பேச்சைக் கேட்க இல்லை, கழைக்கூத்தாடியைப் பார்க்க. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே கயிறு. அவன் பாதி தூரம் நடந்திருக்கும்போது பின்னாலேயே ஒரு கோமாளி வேகமாக வருகிறான், வழிவிடு என்று கத்துகிறான், கடைசியில் அவன் தலைக்கு மேலே தாவி முன்னால் போய்விடுகிறான். நிலைகுலைந்து கூத்தாடி கீழே விழுகிறான். கூட்டம் சிதறி ஓடுகிறது, ஜரதுஷ்டிரன் மட்டும் அசையாமல் நிற்கிறான், அந்த உடல் அவன் பக்கத்திலேயே வந்து விழுகிறது.

சாகிறவனுக்குப் பேய் தன்னை நரகத்துக்கு இழுத்துப் போகும் என்று பயம். பேயும் இல்லை, நரகமும் இல்லை என்கிறான் ஜரதுஷ்டிரன். அப்படியென்றால் அடித்தும் அரைவயிறு சோறு போட்டும் ஆடப் பழக்கிய ஒரு மிருகத்தைவிட நான் பெரிதாக ஒன்றுமில்லையே என்கிறான் அவன். இல்லை, ஆபத்தையே நீ தொழிலாக்கிக்கொண்டாய், அதில் இழிவாக எதுவும் இல்லை, உன்னை என் கையாலேயே அடக்கம் செய்வேன் என்று ஜரதுஷ்டிரன் சொல்கிறான். பதில் வரவில்லை. நன்றி சொல்ல ஜரதுஷ்டிரனின் கையைத் தேடுவதுபோல சாகிறவனின் கை மட்டும் லேசாக அசைகிறது.

இரக்கத்தைப் பற்றி நீட்சே கடுமையாக எழுதினார் என்பது உண்மை, அதை மழுப்ப மாட்டேன். ஆனால் மீமனிதனை அறிவிக்க மலையிறங்கி வந்தவன் முதல் நாளே எங்கே மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறான் என்பதையும் அவர்தானே எழுதியிருக்கிறார்?

நீங்கள் இன்னும் எட்டாத மூன்றாம் பாகத்தில் அந்தக் கோமாளியை நினைவூட்டும் வரி ஒன்று வருகிறது. கடப்பதற்குப் பல வழிகள் உண்டு, ஆனால் மனிதனைத் தாவிக் கடந்துவிடலாம் என்று கோமாளி மட்டும்தான் நினைப்பான் என்று. சக ஊழியர்களின் தலைக்கு மேலே நீங்கள் தாவுவது இந்தத் தாவலைத்தான் என்று எனக்குப் படுகிறது. இரண்டாம் பாகத்தில் இன்னும் வெளிப்படையாகவே சொல்கிறார்: மீமனிதன் இதுவரை இருந்ததே இல்லை, மிகப் பெரிய மனிதனையும் மிகச் சிறிய மனிதனையும் நிர்வாணமாகப் பார்த்தேன், இருவரும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள்.

இந்தத் தாவலை ஒரு நாடே செய்து பார்த்தது. 1889இல் நீட்சேயின் மனம் சிதைந்தது. அப்புறம் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் தங்கை எலிசபெத்தின் கைக்குப் போயின. யூத வெறுப்பாளர்களோடு தன் பெயரைச் சேர்க்காதே என்று நீட்சே கடிதத்தில் கோபப்பட்டது அந்தத் தங்கையிடம்தான். 1935இல் எலிசபெத் இறந்தபோது இறுதிச் சடங்குக்கு ஹிட்லர் வந்தார். ‘மேலே’ என்ற ஒரே பொருள் நாஜி ஜெர்மனியில் ஓர் இனத்துக்குப் பட்டமாகிவிட்டது.

உதறிவிட்டுப் போவதா என்று கேட்டீர்கள். ஜரதுஷ்டிரனும் அந்த ஊரை விட்டுப் போகிறான். பிணத்தை முதுகில் சுமந்துகொண்டு இரவெல்லாம் நடக்கிறான். விடியும் நேரத்தில், ஓநாய்கள் தின்றுவிடக் கூடாது என்று அதை ஒரு மரப்பொந்தில் வைத்துவிட்டு, அடியில் பாசிமேல் படுத்துத் தூங்குகிறான். எழுந்திருக்கும்போது அவனுக்குத் தோன்றுவது, எனக்குத் தோழர்கள் வேண்டும், உயிரோடு இருக்கிற தோழர்கள் வேண்டும் என்பதுதான். அந்த முன்னுரையை இன்னொரு முறை படித்துவிட்டு எழுதுங்கள்.